பின்னால் வந்த விளக்கு

"வழியில விழுந்து கெடந்தா யாரு பார்ப்பா? கம்பெனி நம்மள அவுக ஆளுன்னே ஒத்துக்கிறதில்ல. இந்தச் சங்கப் படிவத்துல ஒரு கையெழுத்துப் போடு ஜெசி," என்று பெனடிக்ட் தாளை நீட்டினார்.

"சங்கமும் வேணாம், ஒண்ணும் வேணாம்ணே. தெரிஞ்சா ஐடிய பிளாக் பண்ணிருவாக. அப்புறம் எம்பிள்ளைக்கு நீங்களா சோறு போடுவீக? தாளை எடுத்துட்டுப் போங்க!"

சின்னமனூர் பார்சல் கிடங்கு வாசலில் நின்ற டெலிவரி ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரமான பெண்ணுக்கு இவ்வளவு வாயா?

பெனடிக்ட் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே ஜெசிக்கு மேகமலை ரூட் விழுந்தது.

முதல் நாள், காலை பத்து மணிக்கே பாதையை மேகம் மூடிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது வளைவில் வண்டிக் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் ஒரே ஒரு விளக்கு.

வழிவிட்டு ஒதுங்கினாள். விளக்கும் நின்றது.

"யாரது?"

கிளம்பினாள். அதுவும் கிளம்பியது.

எஸ்டேட் லைன் வீட்டில் பார்சலை வாங்கிய முத்துமாரியம்மாளிடம் சொன்னாள். அந்த அம்மாளின் முகம் மாறியது.

"ஒம்பதாவது வளைவுலயும் வந்துச்சா?"

"ஆமாக்கா."

"அங்கனதான் ஒங்க கம்பெனிப் பையன் பிலவேந்திரன் வண்டியோட விழுந்து கெடந்தான். நாலு மணி நேரம் உசிரு இருந்திருக்கு. நாங்க பார்க்கையில அடங்கிருச்சு. போன் மட்டும் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. எடுத்தா, 'டெலிவரி ஏன் தாமதம்?'னு ஒரு பொம்பளக் குரலு. மனுசி இல்ல, மெசினு."

கம்பெனியில் ஒருவரும் இதை ஜெசியிடம் சொல்லியிருக்கவில்லை.

மறுநாளும் விளக்கு வந்தது. அதற்கு மறுநாளும். ஒன்பதாவது வளைவில் மட்டும் இன்னும் நெருங்கி வந்தது. ஜெசி ஜெபமாலையைக் கைப்பிடியில் சுற்றிக்கொண்டு ஓட்டினாள். வேலையை விடவா முடியும்?

நான்காம் நாள், இறங்கும்போது, அதே வளைவில் ஈரச் சருகில் டயர் வழுக்கியது. வண்டி அவள் காலின் மேல் சாய்ந்தது. போன் எகிறிப் புல்லுக்குள் விழுந்தது. அசையவே முடியவில்லை.

கைக்கு எட்டாத தூரத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

மேகத்துக்குள்ளிருந்து அந்த விளக்கு மெதுவாக வந்தது. அவள் பக்கத்தில் வந்து அணைந்தது. காலடிச் சத்தம் கேட்டது.

"மாதாவே!" ஜெசி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

யாரோ வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். அவள் தோளைப் பிடித்த கை சூடாக இருந்தது.

"காலை அசைச்சுப் பாரு தாயி."

பெனடிக்ட்!

பயம் போய்க் கோபம் பொங்கியது. "கையெழுத்துப் போடலன்னு நாலு நாளா பேய் மாதிரி பயமுறுத்துறீகளோ?"

"நான் இன்னைக்குத்தாம்மா வந்தேன். நேத்து ஈஸ்வரபாண்டி. அதுக்கு முந்தி விஜய்பாண்டி, மொக்கைச்சாமி. மலைக்கு யாரு போனாலும், எங்கள்ல ஒரு ஆளு முறை வச்சுப் பின்னால வருவோம். கிட்ட வந்து பேசினா, கையெழுத்துக்குத்தான் வர்றோம்னு நீ நெனைப்ப. அதான் தள்ளியே வந்தோம்."

"ஒங்க டெலிவரியெல்லாம் விட்டுட்டா?" ஜெசி வண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான் சங்கத்துல இல்லியேண்ணே?"

பெனடிக்ட் வளைவின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிலவேந்திரனும் இல்லம்மா. அன்னைக்கு அவன் மலையை விட்டு இறங்கலன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். நம்ம சங்கத்து ஆளு இல்லியேன்னு, டீ குடிச்சிக்கிட்டு இருந்துட்டோம்."