அறுபத்து நாலு ஸ்டேஷனுக்கும்

"என் பிள்ளை திருடன் இல்லைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு தம்பி. நீங்க ஏன் இன்னும் அவன் பேரைத் திருடங்க லிஸ்ட்ல வெச்சுக்கிட்டிருக்கீங்க?"

போலீஸ் ஆவணப் பிரிவின் ஜன்னலில் அந்த அம்மா தீர்ப்பு நகலை நீட்டினாள். நாலு வருடத்தில் இது பதினோராவது நடை. எங்கே பூட்டு உடைந்தாலும் முதலில் அவள் மகனைத்தான் அள்ளிக்கொண்டு போனார்கள்.

குமாஸ்தா நல்ல மனசுக்காரன். நிதானமாகப் படித்தான். "விடுதலைன்னு கம்ப்யூட்டர்ல ஏத்தி இப்பவே அனுப்பிடறேம்மா. சுத்துவட்டார ஸ்டேஷன் ஆறுக்கும் போதுமில்ல?"

"ஆறா? எல்லாத்துக்கும் அனுப்பு சாமி. ஒண்ணுகூட விட்டுடாதே."

"அறுபத்து நாலு இருக்கும்மா. சரி, உங்க ஆசைக்கு!" சிரித்துக்கொண்டே பொத்தானைத் தட்டினான்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முத்திரை போட்ட நகலுக்காக பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரத்தில், தூரத்து ஸ்டேஷன் ஒன்றிலிருந்து போன் வந்தது.

"யோவ், அது விடுதலைத் தகவல்யா! கீழே படிக்கலையா?" என்று கத்தினான் குமாஸ்தா.

எதிர்முனைக் குரல் பெஞ்சு வரை கேட்டது. "படிச்சோம் சார். பழைய கேஸும் சேர்ந்துதானே வந்திருக்கு? இங்க நேத்து ஒரு கடையை உடைச்சிருக்காங்க. பேரைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு, மரப்பட்டறைக்குப் புதுசா வந்தவன். தூக்கிட்டோம்."

குமாஸ்தா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். "உங்க மகன் உங்ககூட இல்லையாம்மா?"

"மூணு மாசம் முன்னாடியே கண்காணாத ஊருக்கு அனுப்பிட்டேன் தம்பி," என்றாள் அவள். "அந்த ஊர் ஸ்டேஷன்லதான் அவனை யாருக்கும் தெரியாம இருந்துச்சு."