சிவப்பு நூல்

கடலோரச் சாலையில் காரிலேயே ஊர் சுற்றிக்கொண்டிருந்த அந்தத் தம்பதிக்கு, காசில்லாமல் கூடாரம் அடிக்கும் இடங்களைக் காட்டிக் கொடுத்தவை, கைபேசிச் செயலி ஒன்றில் யாரோ ஒரு பெண் எழுதிவந்த குறிப்புகள்தான். தண்ணீர் எங்கே, நிழல் எங்கே என்று எல்லாம் சரியாக இருக்கும். எந்த இடமானாலும் இவர்களுக்கு முந்தின நாள் அவள் அங்கே தங்கியிருப்பாள். கடைசி வரியில் மட்டும், 'காலையில் என் வீட்டுக்காரர்தான் காபி போட்டு எழுப்பினார்' என்று ஒரு பீற்றல்.

மனைவிக்கு வயிறு எரியும். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவள் கணவன் அடுப்புப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.

"அந்தம்மா கெட்டிக்காரிதான்," என்றான் கணவன்.

"ஆமா, உங்களுக்கு அவ சொன்னா வேதவாக்கு."

அன்று காலை அவனுடைய வெள்ளைச் சட்டையில் இரண்டாவது பொத்தான் அறுந்துவிட்டது. வெள்ளை நூல் தீர்ந்துபோனதால் சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்திருந்தாள்.

மத்தியானம் அடுத்த இடத்துக்கான குறிப்பைத் திறந்தாள். நேற்றைய தேதி. முதல்முறையாக ஒரு படமும் இருந்தது. கழுத்துக்குக் கீழே மட்டும் தெரிந்த ஓர் ஆண், இரண்டு கோப்பைகளை ஏந்தி நின்றான். வெள்ளைச் சட்டை. இரண்டாவது பொத்தானில், இன்று காலைதான் தைத்த அதே சிவப்பு நூல்.

அவள் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். "இந்த இடம் வேண்டாங்க. வேற பாக்கலாம்."

"பரவால்ல, எனக்கு வழி தெரியும்," என்றபடி கணவன் வண்டியைக் கிளப்பினான். "நாளைக்குக் காலையில காபி நான் போடறேன்."