வீட்டுச் செருப்புக்கு லாடம்

“வீட்டுக்குள்ள போடுற செருப்புக்கா லாடம்? என்ன சார், விளையாடுறீங்களா?”

ஆணியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செருப்புத் தைக்கும்போது வாயில் எப்போதும் நாலு ஆணி இருக்கும்; அதனால் தெரு வைத்த பெயர் அது. எதிரே நின்றவர் சிரிக்கவில்லை. ஆள் கதவு உயரம். ஷூவின் அடியில் இரும்பு லாடம் அடித்து வாங்கியாயிற்று. இப்போது பையிலிருந்து தோல் செருப்பையும் எடுத்து வைக்கிறார்.

“அடிங்கம்மா. நல்லா சத்தம் வரணும்.”

“தரையெல்லாம் கீறிடுமே!”

“கீறட்டும். நான் வர்றது என் பொண்டாட்டிக்குத் தெரியணும்.”

அவர் மனைவி கடைக்கு வெளியேதான் நின்றிருந்தாள். பின்னால் ஏதோ ஒரு சைக்கிள் மணியடித்தது. அதற்கே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

ஆணியக்காவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சின்ன வயதில், படியில் அப்பாவின் பூட்ஸ் சத்தம் கேட்டதும் அம்மாவும் தானும் அடுப்படியில் ஒடுங்கியது நினைவுக்கு வந்தது. அடப்பாவி, நடக்கிற சத்தத்திலேயே கட்டினவள் நடுங்க வேண்டுமாக்கும்! அதற்கு என் கைதான் கிடைத்ததா?

“சார், பெரிய ஆணி தீர்ந்துபோச்சு. எதிர்ல இரும்புக் கடையில வாங்கிட்டு வந்துடுங்களேன்” என்று கூசாமல் ஒரு பொய் சொல்லி அவரை அனுப்பினாள்.

அவர் தெருவைத் தாண்டியதுதான் தாமதம், வெளியே நின்றவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

“பயப்படாம சொல்லும்மா. புருஷன்கிட்ட அடி வாங்கியிருக்கியா?”

அவள் தலை குனிந்தாள். “வாங்கியிருக்கேன்க்கா. பூனை மாதிரி வருவான். எப்ப வந்தான், எதுக்கு அடிக்கிறான், ஒண்ணும் புரியாது. திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள முதுகுல விழும்.”

“பெத்தவங்ககிட்ட சொன்னியா?”

“சொன்னேன். எங்கப்பாவும் அம்மாவை அடிக்கிறவர்தானே? ‘அனுசரிச்சுப் போ’ன்னுட்டாங்க. அந்த அடியைவிட அதுதான்க்கா ரொம்ப வலிச்சுது. இப்பவும் பின்னால யார் வந்தாலும் உடம்பெல்லாம் உதறுது.”

“நீ வீட்டுக்கே போகாதே. வரட்டும் அந்த ஆளு, இன்னிக்கு ஒரு கை பார்த்துடறேன்!” ஆணியக்கா சுத்தியலைத் தூக்கிவிட்டாள். தூக்கிய கை பாதியில் நின்றது. “ஆமா, பூனை மாதிரி வர்றவருக்கு லாடம் எதுக்கு?”

“ஐயோ, நான் சொன்னது முதல்ல கட்டினவனைக்கா! இவரு தண்ணி குடிக்க உள்ள வந்தாலே நான் அலறிடறேன். அதான், வர்றது அவருதான்னு எனக்கு வாசல்லயே தெரிஞ்சிடணுமாம், வீட்டுக்குள்ளயும் டக்டக்னுதான் நடப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு.”