பதினாலாயிரம் கிலோமீட்டர்

"பதினாலாயிரத்து இருநூறு கிலோமீட்டர், அக்கா! பஸ் பிடிச்சு வர்ற தூரமா?"

மருத்துவமனை அறையில், கைபேசியை அக்காவின் மூக்குக்கு நேரே நீட்டினார் தம்பி. குடும்பத்தில் அவருக்குப் 'புள்ளிவிவரம்' என்று பெயர். கேட்டவர்களுக்குச் சொல்வார், கேட்காதவர்களுக்கு இன்னும் விரிவாகச் சொல்வார்.

அக்கா அதிலிருந்த உலகப் படத்தைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்த கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாயங்காலம் வரைக்கும் தாங்கினா பெரிசு. பார்க்க வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

பார்க்க வேண்டியவன் ஒரே ஒருவன். அவனோ ஐந்து வருஷமாக உலகத்தின் அந்தக் கோடியில் இருக்கிறான். உடனே அவனைக் கூப்பிட்டாள். முழுசாகக்கூடக் கேட்கவில்லை, "இதோ வந்துட்டேம்மா" என்று வைத்துவிட்டான்.

"வந்துட்டேன்னுதானே சொன்னான்..."

"நம்ம ஆளுங்க பல்லு வெளக்கிக்கிட்டே 'வந்துட்டேன்'ம்பாங்க. அதெல்லாம் ஒரு கணக்கா?" புள்ளிவிவரம் விரலை மடக்கினார். "பறக்கிறதுக்கு மட்டும் பதினெட்டு மணி நேரம். நடுவுல இறங்கி வேற பிளேன் மாற நாலு. அதுவும் லீவு கிடைச்சா! என் மருமகன் பார்க்கிறது என்ன சாதாரண வேலையா? அவன் ஒருநாள் இல்லேன்னா அந்தக் கம்பெனியே படுத்துடும்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேன். எப்படிப் போட்டுப் பார்த்தாலும் நாளைக்கு மத்தியானம்தான்."

ஜன்னல் கண்ணாடியில் மழை அறைந்தது. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை போன்கள் நினைவுக்கு வந்தன. மகன் பேசும்போதெல்லாம் கணவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அங்க மழையாடா?" அவன் ஏதோ சொல்வான். இவர் சிரித்துக்கொண்டே போனை அவளிடம் கொடுத்துவிடுவார். மழையில் என்ன சிரிப்பு என்று அவளுக்குப் புரிந்ததே இல்லை.

கட்டிலில் உதடுகள் அசைந்தன. குனிந்தாள்.

"பையன்... அரை மணியில வந்துடுவான்."

புள்ளிவிவரம் உதட்டைப் பிதுக்கினார். "நினைவு தப்ப ஆரம்பிச்சிடுச்சு, அக்கா." பிறகு கட்டிலருகே குனிந்து, காது கேளாதவரிடம் பேசுவதுபோல் கத்தினார்: "பதினெட்டு மணி நேரம், அத்தான்! ப-தி-னெ-ட்டு!"

"நீ சும்மா இருடா!" அவள் கணவரின் கையைப் பற்றிக்கொண்டாள். "ஆமாங்க, அரை மணிதான். அதுவரைக்கும் கண்ணை மூடிடாதீங்க."

இந்த மனுஷரிடம் இவ்வளவு பெரிய பொய்யை அவள் இதற்குமுன் சொன்னதில்லை.

புள்ளிவிவரம் விடவில்லை. விமானம் வரும் வழியைக் கைபேசியில் தேடி எடுத்தார். அவர் விரல் பாதிக் கடலைத் தாண்டியிருந்தபோது கதவு திறந்தது.

சொட்டச் சொட்ட நனைந்து மகன் நின்றிருந்தான். கையில் ஹெல்மெட். சட்டையின் மார்பில், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனியின் பெயர். தரையைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

புள்ளிவிவரத்தின் விரல் நடுக்கடலிலேயே நின்றது. கட்டிலில் கிடந்தவர்தான் அவனை நோக்கி விரல்களை விரித்தார்.

"மழைன்னா மேம்பாலத்துக்குக் கீழ முழங்கால் தண்ணி நிக்குமே... சுத்திக்கிட்டு வந்தியாடா?"