இரண்டு வீட்டுப் பேன்

விவாகரத்துக்குப் பிறகு வாசுகியும் மாறனும் பேசிக்கொண்டதே இல்லை. மகள் ஆதிரை வாரநாட்களில் அம்மாவிடமும் சனி, ஞாயிறுகளில் அப்பாவிடமும் இருந்தாள். அவள் தலையில் பேன் வந்தபோது, “உங்கப்பா வீட்லருந்துதான் கொண்டு வர்றே” என்றாள் வாசுகி. “உங்கம்மா உன் தலையைப் பார்க்கிறதே இல்லையா?” என்று கேட்டான் மாறன். இங்கே மருந்து போட்டு ஒழித்தால், அங்கே போய் மறுபடியும் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் ஆதிரை சொன்னாள்: “எனக்கு மொட்டை போட்டுடும்மா. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் என்கிட்ட ஒருத்தரையொருத்தர் திட்ட மாட்டீங்கல்ல.”

வாசுகி அன்றே அவனுக்குப் போன் செய்தாள். “உங்க தலையில பேன் இருக்கா?”

“அரிக்குது” என்றான் மாறன்.

“ஞாயித்துக்கிழமை அவளையும் கூட்டிக்கிட்டு இங்க வாங்க. மூணு பேரும் ஒரே நாள்ல மருந்து போட்டாத்தான் போகும்.”

வெயில் விழும் மாடிப்படியில் ஒருவருக்குக் கீழ் ஒருவராக உட்கார்ந்தார்கள். மேல்படியில் இருந்த வாசுகி மகளின் தலையைப் பேன்சீப்பால் வாரினாள். ஆதிரை தனக்குக் கீழே இருந்த அப்பாவின் தலையைக் கிளறினாள்.

“அப்பா, உனக்கு என்னைவிட ஜாஸ்தி இருக்கு” என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

அவள் உச்சியிலேயே தேடிக்கொண்டிருப்பதை வாசுகி பார்த்தாள்.

“காதுக்குப் பின்னாடி பாரு. அவருக்கு அங்கதான் முடி அடர்த்தி.”

மாறன் திரும்பவில்லை. தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொடுத்தான்.