மண் ஊசி

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போது, மிருதுளாவின் கிணறு மூடிக்கிடந்தது. நிலத்தில் குத்திய மண் ஊசிகள் காட்டும் மண்வாகை வைத்து, பூச்சிமருந்து எப்போது ஊற்றைத் தொடும் என்று கணித்து, தானே மூடிக்கொள்ளும் மூடி அது.

"உங்கள் நிலம் வெறும் மணல். தக்காளிக்கு அடித்த மருந்து விரைவில் ஊற்றை எட்டும்" என்று அறிவித்துவிட்டு அடைத்துக்கொண்டது.

நாளைக்கு நாத்தனார் வருகிறாள். கோடை லீவில் இருவருக்கும் கிணற்றில் நீச்சல் பந்தயம் உண்டு. போன வருஷம் மிருதுளா தோற்றிருந்தாள்.

"நம்ம காடு கரிசலாச்சே, மணல்னு எப்படிச் சொல்லுது? மண் ஊசிய எங்கீங்க மாமா குத்துனீங்க?"

அவள் கணவன் கவின் தலையைச் சொறிந்தான். "காட்டுல எறங்கவே மாட்டேங்குது, புள்ள. மோட்டார் ரூம் கட்டுன மணல் மிச்சம் கெடந்துச்சில்ல? அதுல எல்லா ஊசியும் வெண்ணெயில குத்துன மாதிரி எறங்குச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் வரப்பிலிருந்த கொக்கு பறந்தது. கடப்பாரையால் குழிபோட்டு, காடு முழுக்க ஊசிகளை இறக்கினார்கள். மூடி வெகுநேரம் யோசித்தது.

"கரிசல் மருந்தைப் பிடித்துவைத்திருக்கிறது. வேப்பமரத்தோரம் மட்டும் வெடிப்பு இருக்கிறது. அங்கே மருந்து அடிக்காதீர்கள். கிணற்றுத் தண்ணீர்..."

மூடி பாதிதான் திறந்திருந்தது. மிருதுளா அந்த இடைவெளியில் தொபுக்கடீர் என்று குதித்தாள்.

"...பாதுகாப்பானது" என்று மூடி சொல்லி முடித்தபோது, கேட்க மேலே யாருமில்லை. கவினும் குதித்திருந்தான்.