கருப்புசாமி எடுத்த பங்கு

ஆயக்குடிக் கொய்யாப் பழங்களைப் பையோடு நீட்டியபோதே மணிமேகலைக்குப் புரிந்துவிட்டது. சித்தப்பா கருப்புசாமி சும்மா வரவில்லை.

விடிந்தால் பாகப்பிரிவினை. மூத்தவன் பங்கு வைக்க, இளையவன் முதலில் எடுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அவள் அப்பா பொன்னழகு மூத்தவர். தோட்டத்தைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக வகுத்துவிட்டார்.

"ஏத்தா, திண்டுக்கல் காலேஜுல என்னமோ சேட்டிலைட்டு படிப்பு படிக்கிறியாமே?"

"ஜியோஸ்பேஷியல் சித்தப்பா, சேட்டிலைட்டு படத்த வச்சு நெலத்துக்கு மேப் போடுறது. துணைப் பாடந்தான். நம்ம தோட்டத்தத்தான் புராஜெக்ட்டா பண்ணேன்."

"அதுல எந்தப் பக்கம் தண்ணி இல்லன்னு காட்டுது?"

மழை பொய்த்த 2003ஆம் வருடம் அது. கிணற்றின் அடித்தரையே வெடித்துக் கிடந்தது. கல்லூரிக் கணினியில் அவள் தயாரித்த வரைபடத்தில், நிலத்தடி நீரைக் காட்டும் நீலம் மேற்கில் மட்டும்தான் இருந்தது.

தண்ணீர் இல்லாத பங்கு வந்தால் படிப்புக்கு முழுக்கு, திருப்பூர் பனியன் கம்பெனிதான் கதி என்று அப்பா சொல்லியாயிற்று. வரைபடத்தைப் பற்றி அவரிடம் அவள் மூச்சுவிடவில்லை. சொன்னால் தம்பியிடம் அப்படியே ஒப்பித்துவிடுகிற மனிதர்.

"மேக்கதான் சித்தப்பா. எம்புட்டு ஆழம் போர் போட்டாலும் புழுதிதான் வரும்."

"கெழக்க தண்ணி இருக்குல்ல? நல்லாப் பாத்தியா தாயி?"

"பாத்துட்டேன்."

"சரி. என்ன ஆனாலும் படிப்ப மட்டும் விட்றாத." தலையைத் தடவிவிட்டுப் போனார்.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுகிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தும் நெஞ்சு உறுத்தத்தான் செய்தது.

மறுநாள் கோயில் முன்பு பங்காளிகள் கூடினார்கள். "இளையவன் நீ சொல்லுப்பா" என்றார் நாட்டாமை.

"எனக்கு மேக்க போதும்" என்றார் கருப்புசாமி.

மணிமேகலை சித்தப்பாவின் முகத்தையே பார்த்தாள். பொய்யென்று கண்டுபிடித்துவிட்டாரா? வாயைத் திறந்தால் குட்டு வெளிப்படும். திறக்காவிட்டால் படிப்பு போகும். அவள் தவித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணனும் தம்பியும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். இனி யாரும் மாற்றிப் பேச முடியாது.

கூட்டம் கலைந்ததும் கருப்புசாமி அண்ணனை வேப்பமரத்துப் பக்கம் ஒதுக்கிக் கூட்டிப்போய் மெல்லச் சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

"தண்ணி இருக்குற பக்கம் உனக்கே இருக்கட்டும்ணே, நம்ம புள்ள படிக்கட்டும்."